கேமரா வாங்கப் போகிற பிள்ளைக்கு

கண்ணு, கேமரா பார்க்க மதுரைக்குப் போகப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம், போய்ப் பார்த்து வாங்கு. அதற்கு முன்னால் இதை ஒருதரம் படித்துவிடு. ஃபிலிம் காலத்திலிருந்து இந்தப் போடி மலையடிவாரத்தில் கேமராவோடு திரிந்தவன் சொல்கிறேன். பாதியைக் கேட்டாலும் போதும்.

1. வாங்கும் ஆசைக்காக வெட்கப்படாதே. புது லென்ஸின் பெட்டியைப் பிரிப்பது சுகமான காரியம். கண்ணாடியின் மேல் ஊதாவும் பச்சையும் மின்னுவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். அதுவும் ஒரு பொழுதுபோக்குதான். ஆனால் அதுவும் படம் எடுப்பதும் ஒன்று என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ளாதே. ராத்திரி இரண்டு மணி வரை யூடியூபில் லென்ஸ்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் எழ முடியாமல் கிடந்தால், இரண்டில் எது உன்னைப் பிடித்திருக்கிறது என்று உனக்கே தெரிந்துவிடும்.

2. நல்ல கேமரா வரட்டும் என்று காத்திருக்காதே. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் கடைசியோடு நின்றது. அகலப் பாதையில் மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். பழைய ரயில் நிற்கப்போகிறது என்று ஊருக்கே முன்கூட்டித் தெரியும். எங்கள் கூட்டத்தில் ஒருவர், டிஎஸ்எல்ஆர் கைக்கு வந்ததும் ஆற அமர எடுக்கலாம் என்று இருந்தார். கேமரா வந்தபோது எடுப்பதற்கு ரயில் இல்லை. டீக்கடையில் வேலை பார்த்த பையன் ஒருவன், ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிய ஒரு பாட்டியைச் சாதாரண செல்போனில் எடுத்து வைத்திருந்தான். மங்கலான படம், ஓரத்தில் அவன் விரல்கூட விழுந்திருக்கிறது. அந்த ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் இன்றைக்கும் நாங்கள் அவனிடம்தான் போய் நிற்கிறோம்.

3. குறை எங்கே இருக்கிறது என்று இடத்தில் முட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வாங்கு. கேமராவோடு வரும் கிட் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு ஏலத் தோட்டத்துக்குள் போ. ஏலம் நிழலில் வளரும் செடி. மேலே பெரிய மரங்கள் மூடியிருக்க, உச்சிவேளையிலும் உள்ளே அந்திபோல இருக்கும். காய் எடுக்கிற பெண்ணின் கை உன் படத்தில் கலங்கி வரும். ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். பல நாள் இப்படி அவதிப்பட்ட பிறகு, அதிக வெளிச்சம் வாங்கும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை வாங்கினாயானால், அது உனக்கு ஏன் வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட லென்ஸ்களில் விலை குறைந்ததும் பெரும்பாலும் அதுதான்.

எல்லாக் குறையும் கடையில் தீராது. ஏலப் பூ எங்கே பூக்கும் தெரியுமா? செடியின் உச்சியில் இல்லை, தூரில். மண்ணை ஒட்டிப் படர்ந்த சரத்தில், வெள்ளை இதழில் ஊதாக் கோடு போட்டுச் சின்னதாக இருக்கும். மேக்ரோ லென்ஸ் இல்லையே என்று புலம்பிக்கொண்டு நின்றபடியே எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரச் சருகில் வயிறு படப் படுக்க வேண்டும். அட்டை ஏறும், சட்டை பாழாகும். படுத்தவனுக்குத்தான் அந்தக் கோடு தெரியும்.

4. மா. கிருஷ்ணனைத் தேடிப் படி. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பலவிதமான பாகங்களைச் சேர்த்துத் தானே கோத்துக்கொண்ட கனமான ஒரு கேமராவை வைத்திருந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாக ஒரு பெயர் வேறு. இதைக் கேட்டதும், கருவி முக்கியமே இல்லை என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்த மனிதருக்குத்தான் கடைச் சரக்கு போதாமல் போகும். அந்தத் தெளிவு அவருக்குக் காட்டில் உட்கார்ந்து பார்த்ததில் வந்தது. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை பத்தி எழுதினார். ஒரு பறவையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அதைப் பார்த்தாக வேண்டுமே.

ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், 1950-ல், திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெஸ்ஸோனும் வாழ்நாளில் பெரும்பகுதி ஒரே 50 எம்எம் லென்ஸோடு காலம் தள்ளியவர்தான்.

5. தவணையில் வாங்காதே. இதில் எனக்குப் பிடிவாதம் அதிகம், பொறுத்துக்கொள். 2019 ஆகஸ்டில் ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது உனக்கு நினைவிருக்கும். ஊரில் புதுக் கார், புது பைக், கழுத்தில் பெரிய பெரிய கேமரா. அடுத்த சில வருஷத்தில் விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அப்போது விலைக்கு வந்த கேமராக்கள் சிலவற்றை நானே பார்த்தேன். ஷட்டர் அதிகம் தட்டப்படாதவை, வார்கூடப் புதுக்கருக்கு அழியாதவை. தவணைக் கேமராவின் கண்ணுக்கு மாதத்தில் ஒரு தேதிதான் தெரியும். சேர்த்து வாங்கு. வீட்டில் விலையைக் குறைத்துச் சொல்லாதே. பொய் சொல்லி வாங்கிய பொருளை ஆசையாக மேசைமேல் வைக்கக்கூட முடியாது.

கையில் பத்து ரூபாய் இருந்தால் அதில் பாதியைப் போய்வருவதற்கு வை. போடிமெட்டுக்கு பஸ், குரங்கணிக்கு ஜீப், வழியில் சாப்பாடு, ஊர் திரும்பிப் பிரிண்ட் போடுவது, எல்லாம் படக்கணக்குதான்.

6. உன் ஊர் வெளிச்சத்தைப் படி. போடிக்கு மேற்கே மலை. அதனால் சாயங்கால வெயில் நமக்குச் சீக்கிரம் போய்விடும். புத்தகத்தில் படித்த பொன்னிற அந்தியை நம்பி இங்கே காத்திருந்தால் இருட்டுத்தான் மிச்சம். காலை வெயில்தான் நம் சரிவில் நேராக விழும், மடிப்பு மடிப்பாகக் காட்டும். ஆடி மாதத்தில் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும்போது இந்தப் பக்கம் வெயில் அடிக்கும், நடுவில் மேகம் மலை விளிம்பைத் தாண்டி வழியும். இதையெல்லாம் எந்தக் கடையிலும் விற்பதில்லை. அதற்காக அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போய்விடாதே. 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதை இந்த ஊர் மறக்கவில்லை.

7. பெரிய லென்ஸ் கையில் இருந்தால் தூரத்திலிருந்து ஆளைத் திருடத் தோன்றும். வேண்டாம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலைக்குப் போகிற பெண்களிடம் கேட்டுவிட்டு எடு. வேண்டாம் என்று ஒருத்தி முகத்தைத் திருப்பினால் கேமராவை இறக்கிவிடு. எடுத்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடு. அப்படிக் கொடுத்த ஒரு படத்தைக் காய் பொறுக்கும் அக்கா ஒருத்தி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறாள். எந்த லென்ஸில் எடுத்தது என்று அவள் இதுவரை கேட்கவில்லை.

8. எடுத்ததையெல்லாம் காட்டாதே. பச்சைக் காய் ஏறக்குறைய ஐந்து கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ ஏலம். அதிலும் பொறுக்கித் தரம் பிரித்துத்தான் விற்பார்கள்.

9. மலை ஈரம் லென்ஸுக்கு எமன், உள்ளே பூஞ்சை நூல் நூலாகப் படரும். மழையில் நனைந்த பையிலேயே மூடி வைக்காதே. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. அதைவிட நல்ல மருந்து, வெளியே எடுத்துப் புழங்குவது.

10. வாங்குவதற்கு முன்னால் இரவல் கேள். கௌரவம் பார்க்காதே, கேமராக்காரர்கள் லென்ஸைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் போதும் என்று இருப்பவர்கள். என்னிடம் ஒரு 50 எம்எம் சும்மா கிடக்கிறது. நீ வாங்கப்போகிற பாடியில் அது பொருந்துமா என்று கடையில் கேட்டுக்கொண்டு வா. பொருந்தினால் தோட்டத்துக் காய் எடுப்பு முடிகிறவரை நீயே வைத்துக்கொள். பின்பக்க மூடி மட்டும் தொலைந்துவிட்டது, வரும்போது அதை ஒன்று வாங்கி வா.