நான்கு நாள் தண்ணீர்

2024 ஜனவரி 10ஆம் நாள் பினாங்கின் பல வட்டாரங்களில் நீர் விநியோகம் நிறுத்தப்பட்டது. சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒழுகிக்கொண்டிருந்த இரண்டு பெரிய வால்வுகளை மாற்ற வேண்டியிருந்தது. அதற்காக நான்கு நாள் ஒதுக்கப்பட்டது. மூடா ஆற்று நீர் அங்கே சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய்கள் வழியாக ஜோர்ஜ்டவுனுக்கும் வருகிறது. மாநிலத்திற்குத் தேவையான நீரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அந்த ஓர் ஆறே தருகிறது.

வீட்டில் வாளிகளை நிரப்பி வைத்துச் சமாளிக்கலாம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஒருமுறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய ஏறக்குறைய 120 லிட்டர் தூய நீர் தேவை. வாரத்திற்கு மூன்று முறை. தகுதி பெற்ற தொழிலாளியின் சிகிச்சைச் செலவைச் சொக்சோ காப்புறுதி ஏற்கும். நீரில்லாவிட்டால் இயந்திரம் ஓடாதே!

மூடா ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். அங்கு மரம் வெட்டப்படும் செய்தி வந்தால் பினாங்கு கவலைப்படுவது இதனால்தான்.