குளிர்ப்பெட்டியில் பனி நீக்கம்: காலமும் அளவும்



சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது முதற்கொண்டு, நம் பண்டகசாலைகள் பல படிகளைக் கடந்து வந்திருக்கின்றன. மூட்டையும் தராசும் இருந்த இடத்தில் இன்று பாலும் தயிரும் ஐஸ்கிரீமும் வைத்த கண்ணாடிக் குளிர்ப்பெட்டிகளும் நிற்கின்றன. அங்கத்தினர்களின் பங்குத் தொகையைக் கொண்டு வாங்கிய அப்பெட்டிகளுக்கு இரவும் பகலும் மின்சாரம் செலவாகிறது. அவற்றுள் தினந்தோறும் நடைபெறும் ‘டிஃப்ராஸ்ட்’ என்னும் பனி நீக்கத்தைச் சரியாக அமைத்தால் சரக்கும் பிழைக்கும், பணமும் பிழைக்கும். தவறாக அமைத்தால் இரண்டும் கரையும். ஆதலின் அதன் இயல்பை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பனி எங்கிருந்து வருகிறது?

ஐப்பசி அடைமழையில் கஞ்சி போட்ட பாவு எளிதில் காயாது என்பதை நெசவாளர் அறிவர். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதே அதற்குக் காரணம். 30 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 70 பங்கு ஈரப்பதமும் உள்ள நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி குளிரில் அதே அளவு காற்று ஒரு கிராம் நீராவியைக்கூடத் தாங்காது. கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே புகுகிறது. அது கொண்டுவந்த ஈரம், பெட்டியினுள் மிகக் குளிர்ந்த பாகமாகிய குளிர்ச்சுருளின்மேல் வெண்பனியாகப் படிகிறது.

மெல்லிய பனியால் பெருந்தீங்கு இல்லை. அது தடித்தால் சுருளின் தகடுகளுக்கு இடையிலுள்ள வழி அடைபட்டு, விசிறி தள்ளும் காற்று குறைகிறது. பனியோ வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆகவே கம்பிரஸர் ஓயாது ஓடியும் சரக்கு குளிர்வதில்லை.

நீக்கும் முறைகள்

பால், தயிர், காய்கறி ஆகியன வைக்கும் பெட்டிகளில் உட்காற்று பூஜ்யத்துக்குச் சற்று மேலேயே இருக்கும். அங்குக் கம்பிரஸரைச் சிறிது நேரம் நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டாலே பனி உருகிவிடும். தனியே வெப்பம் ஊட்ட வேண்டுவதில்லை.

உறைந்த பண்டங்களை பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியிலோ அதனினும் குளிராகவோ வைக்கவேண்டும். அங்கே காற்றால் பனி உருகாது. ஆதலால் பல பெட்டிகளில் மின் ஹீட்டர் அமைத்திருப்பர். முதலில் கம்பிரஸரும் விசிறியும் நிற்கும்; பின் ஹீட்டர் சுருளைச் சூடாக்கும். பனி உருகியபின் ஹீட்டர் நின்று, நீர் வடியச் சில நிமிடங்கள் விடப்படும். அதன்பின் கம்பிரஸர் ஓடத் தொடங்கும். சுருள் மீண்டும் உறைநிலைக்குக் கீழ் குளிரும்வரை விசிறி காத்திருக்கும். இன்றேல் சூடும் ஈரமும் கலந்த காற்று சரக்கின்மீது வீசும்.

எப்பொழுது நிறுத்துவது?

பாடத்தின் கருப்பொருள் இதுவே. ஹீட்டரை நிறுத்த இரு வழிகள் உண்டு. ஒன்று, இத்தனை நிமிடம் என்னும் கால வரையறை. மற்றொன்று, சுருளில் பொருத்திய வெப்ப உணரி. பனி இருக்கும்வரை ஹீட்டரின் வெப்பம் பெரும்பாலும் அதனை உருக்கவே செலவாகும். அது தீர்ந்ததும் சுருளின் வெப்பநிலை விரைந்து ஏறும். சுமார் 10 டிகிரியை எட்டியதும் உணரி ஹீட்டரை நிறுத்திவிடும். இம்முறையே சாலச் சிறந்தது. கால வரையறை, உணரி பழுதானால் காக்கும் இரண்டாம் காவலாக இருத்தல் வேண்டும். உணரியும், பனி கடைசியாக உருகும் இடத்தில் இருக்கவேண்டும். இன்றேல் மிச்சப் பனி நாளடைவில் கெட்டிப் பாறையாகிவிடும்.

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று நாளைக்கு 4 முறை, முறைக்கு 30 நிமிடம் எரிந்தால் 4 யூனிட் செலவு. நாள் முழுவதும் 4 கிலோ பனி படிந்ததாகவே கொள்வோம். பூஜ்யத்துக்குக் கீழ் 25 டிகிரியிலுள்ள 1 கிலோ பனியை நீராக்கச் சுமார் 0.11 யூனிட் போதும். 4 கிலோவுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. சுருளின் உலோகமும் நீர்த்தட்டும் சூடேற ஒரு பங்கு வேண்டும் என்பது மெய்யே. ஆயினும் எஞ்சியதில் பெரும்பகுதி நம் சரக்கையும் பெட்டியையும் சூடாக்குகிறது. அச்சூட்டை வெளியேற்றக் கம்பிரஸர் மறுபடி மின்சாரம் உண்கிறது. ஒரே தவற்றுக்கு இருமுறை கட்டணம்! உணரி 15 நிமிடத்தில் நிறுத்துமானால், ஹீட்டர் செலவில் மட்டும் நாளைக்கு 2 யூனிட், ஆண்டுக்கு 730 யூனிட் மிச்சம்.

பணத்தினும் பெரிது சரக்கின் தரம். வெப்பம் ஏறி இறங்குந்தோறும் ஐஸ்கிரீமினுள் பனிப்பளிங்குகள் பெரிதாகி, நாவில் மணல்போல் உறுத்தும். பால் தந்த உழவரின் உழைப்பும், வாங்கிய அங்கத்தினரின் நம்பிக்கையும் அங்கே கெடுகின்றன.

எத்தனை முறை?

நிலம் காய்ந்ததா எனப் பாராமல் நாட்கணக்கில் நீர் பாய்ச்சும் விவசாயி, மழைக்காலத்தில் பயிரை அழுகவிடுவார், கோடையில் வாடவிடுவார். பனி நீக்கமும் அவ்வாறே. உற்பத்தியாளர் குறித்த எண்ணிக்கையைத் தொடக்கமாகக் கொண்டு, பருவத்தையும் விற்பனையையும் பார்த்து மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடத்திலேயே உணரி ஹீட்டரை நிறுத்தினால், உணரி சரியான இடத்தில் இருக்கிறதா, சுருளில் பனி மிச்சமில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் சரியெனில், தேவைக்கு மேல் நீக்குகிறோம் என்பது பொருள்; இடைவெளியை நீட்டலாம். எப்போதும் கால வரையறை முடிந்தே நின்றால் பனி மிகுதி, அல்லது ஹீட்டரோ உணரியோ பழுது. இவ்விரு குறிகளையும் விற்பனையாளர் அறிந்திருந்தால் போதும், பாதி மருத்துவம் முடிந்தது.

மின்தடை ஏற்படும் ஊர்களில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பழைய வகை இயந்திர டைமர் மின்சாரம் நின்றால் தானும் நிற்கும். நள்ளிரவு 2 மணிக்கு வைத்த பனி நீக்கம், தடைகளின் நேரம் சேரச் சேரப் பிந்தி, ஒரு நாள் கூட்டம் மிகுந்த காலை வேளையில் வந்து நிற்கும். சில மின்னணுக் கருவிகளோ, மின்சாரம் திரும்பியவுடனே பனி நீக்கத்தைத் தொடங்குமாறு அமைந்திருக்கும். ஏற்கனவே சூடேறிய சரக்குக்கு அது மேலும் கேடு. அவ்வமைப்பைத் தகுந்த பணியாளரைக் கொண்டு மாற்றிக்கொள்க.

செய்யத்தக்கவை

கதவு ரப்பர் கிழிந்திருந்தால் முதலில் அதனை மாற்றுக. ஈரம் புகும் வழியை அடைப்பதே முதல் பனி நீக்கம். சரக்கைக் குறியிட்ட கோட்டுக்கு மேல் அடுக்கிக் காற்றுவழியை மறைக்கற்க. வடிகுழாயைச் சுத்தமாக வைத்திடுக. கத்தியாலும் உளியாலும் பனியைப் பெயர்க்கவே கூடாது. சுருள் துளைபட்டால் வாயு வெளியேறிப் பெருஞ்செலவு நேரும். பனி நீக்கம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சரக்கின் வெப்பநிலை ஆகியவற்றை வாரம் ஒரு நாளேனும் ஒரு நோட்டில் எழுதுக. அமைப்பை மாற்றியவர் பெயரும் தேதியும் அதில் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் விவாதிக்கச் சில வினாக்கள்:

1. நம் பெட்டியில் ஹீட்டரை நிறுத்துவது கடிகாரமா, உணரியா?

2. நாளைக்கு எத்தனை முறை பனி நீக்கம் நடைபெறுகிறது? அந்த எண்ணிக்கையை யார், எப்பொழுது தீர்மானித்தார்?

3. மின்தடைக்குப்பின் பெட்டி என்ன செய்கிறது?

இம்மூன்றுக்கும் விடை தெரியாத சங்கத்தில், கணக்குப் புத்தகம் எவ்வளவு ஒழுங்காக இருப்பினும், அதில் ஏறாத நஷ்டம் ஒன்று தினந்தோறும் வடிகுழாய் வழியே ஒழுகிக்கொண்டிருக்கலாம். அதனை அடைப்பது நிர்வாகக் குழுவின் கடமை. வினவுவது அங்கத்தினரின் உரிமை.