ஈர்க்குச்சிக் கட்டில் இடமதிப்பு

தமிழகத்தில் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்குமாகத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், செய்து பார்த்துக் கற்பதை வலியுறுத்துகிறது. அதற்கு விலை கொடுத்துச் சாமான் வாங்க வேண்டியதில்லை.

இடமதிப்புக்கு ஈர்க்குச்சியைவிட நல்ல கருவி இல்லை என்பேன். விரல் நீளத்துக்கு நறுக்கிய குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கூரான நுனியை முதலிலேயே வெட்டிவிடுங்கள். 34 என்றால் மூன்று கட்டு, நான்கு உதிரி. அதிலிருந்து 7 எடுக்கச் சொல்லுங்கள். உதிரி போதாது, பிள்ளை தானே ஒரு கட்டை அவிழ்க்கும். 'கடன் வாங்குதல்' என்று கரும்பலகையில் எத்தனை முறை சொல்லியும் பிடிபடாதது அங்கே பிடிபடும். கொஞ்சம் நேரமாகும்தான். பொறுத்திருங்கள், நாம் கை நீட்டி அவிழ்த்துவிடக் கூடாது.

நீளம் அளக்கச் சாண் போதும். ஒரே மேசையை ஆசிரியரும் மாணவரும் சாணால் அளந்தால் விடை மாறும். ஏன் என்று பிள்ளைகளே பேசட்டும். ஸ்கேல் அதற்குப் பிறகு.

எழுத்துப் பழகத் தட்டில் பரப்பிய மணல்.

கூட்டலுக்குப் புளியங்கொட்டை நல்லதுதான். ஆனால் சின்னப் பிள்ளைகள் மூக்கில் போட்டுக்கொள்வார்கள். முதல் வகுப்புக்குப் பெரிய பாட்டில் மூடிகளே பாதுகாப்பு. எதைக் கொடுத்தாலும் பாடம் முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குங்கள்.