அழுகை அணையும் வழி

பழவேற்காட்டு ஏரியில் வீசுவலை வீசுவோரைக் கரையினின்று நோக்கியவர்க்கு ஒன்று புலனாகும். வலை வெறுமையாய் வரும், மீண்டும் வீசுவர், மீண்டும் வெறுமை. பத்து முறை ஒன்றுமில்லையாயினும், பதினோராம் முறை நாலு இறால் அகப்படுமாயின் அக்கை ஓயாது. யான் ஈண்டு எழுதப் புகுந்தது மீனவர்தம் விடாமுயற்சியைப் பற்றியன்று. அதே விதியால் வளரும் குழந்தையின் அலறலைப் பற்றியாம்.

ஒரு செயலின்பின் விரும்பிய பயன் கிட்டுமாயின் அச்செயல் மிகும். இதனை வலுவூட்டல் என்பர் உளநூலார். அப்பயனை அறவே நிறுத்தின் செயல் நாளடைவிற் குன்றி ஒழியும், இஃது அணைத்தல். அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட நூலில் இவற்றை விரித்துரைத்தார். என்றும் தப்பாது பயன் பெற்ற செயல் விரைவில் அணையும். எப்போதாவது ஒருமுறை பயன் பெற்ற செயலோ எளிதில் அணையாது. வலைஞர் கை ஓயாமைக்குக் காரணமும் இதுவே.

1959-இல் வில்லியம்ஸ் என்பார் ஒரு குழந்தையின் வரலாற்றை எழுதினார். நெடுநாள் நோயுற்றிருந்து நலம்பெற்ற அவ்விருபத்தொரு மாதக் குழந்தை, தான் உறங்குமுன் பெரியவர் அறையை விட்டகன்றாற் கதறும். உடலில் யாதொரு குறையுமில்லை எனத் தெளிந்தபின், பெற்றோர் அதனைக் கிடத்தித் திரும்பி வாராதிருந்தனர். முதன்முறை 45 நிமிடம் அழுதது. பத்தாம் முறையில் சிணுங்கலுமின்றிப் புன்னகைத்தது. ஏறத்தாழ ஒரு வாரம் கழிந்து குழந்தை மீண்டும் அழ, அத்தைக்கும் சித்திக்கும் ஒரே சொல் வழங்கும் ஆங்கிலத்தில் அச்சொல்லாற் குறிக்கப்பெற்ற உறவினள் ஒருத்தி மனமிளகி அருகிருந்தாள். அழுகை முன்போலாயிற்று! முழு முயற்சியும் மறுபடி செய்யவேண்டியதாயிற்று. அதன்பின் ஈராண்டளவும் அழுகை தலைகாட்டவில்லை.

அவ்வுறவினளை நகைக்க எனக்குத் தகுதியில்லை. ஏரிக்கரைக் குப்பமொன்றில் வாழும் என் தமக்கையின் மகனுக்கு நான்கு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. கடலை வேண்டுமெனின் அலறிப் பாத்திரங்களை எறிவான். தமக்கை கொடாள், அவள் மாமியார் மூன்றாம் அலறலிற் கொடுப்பார். விடுமுறைக்குச் சென்ற யானோ, இரவெல்லாம் கடலில் உழைத்து வந்து அயலில் உறங்குவோர் விழிப்பரே என்றஞ்சி நான்காம் அலறலிற் கொடுத்தேன். பதினோராம் வீச்சில் அகப்பட்ட இறால் யானே.

எனினும் அலறலைப் பாராமுகமாய் விடுதல் மட்டும் போதுமோ? பேச்சற்ற குழந்தைக்கு அலறலே மொழி. அதனைப் பறித்து வேறொன்றுங் கொடாமை கொடுமையாம். கார், துராந்து என்னும் இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுவதைக் கேட்கும் வழியைக் கற்பித்தலாற் குழந்தைகளின் தகாத செயல்கள் குறைந்தமையைக் காட்டினர். அலறலுக்குப் பயனின்மை, கேட்டலுக்கு உடனே பயன்: இதுவே வேறுபடுத்தி வலுவூட்டல். அணைத்தல் என்னும் நம் சொல் அவித்தலையும் தழுவுதலையும் ஒருங்கே குறித்தல் இவ்விடத்து மிகப் பொருந்துகின்றது.

இதில் இடர்கள் உள. பயன் நிறுத்திய தொடக்கத்தில் அலறல் முன்னினும் ஓங்கலாம். அப்பொழுது இணங்கினால் இன்னும் உரத்து அலறவே கற்பித்தவராவோம். அன்றியும் குழந்தை எதற்காக அலறுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பாடத்தினின்று தப்ப அலறுவானை வெளியே அனுப்பின் அதுவே அவனுக்குப் பரிசு. நோயால் அழும் குழந்தைக்கோ வேண்டுவது மருந்து. தலையை மோதித் தன்னை வருத்திக்கொள்ளும் பிள்ளையிடம் வீட்டார் தாமே இம்முறையைக் கையாளலாகாது. பயின்றோரை நாடல் வேண்டும். முட்டுக்காட்டில் 2005-இல் தோன்றிய பல்வகைக் குறையுடையோர்க்கான தேசிய நிறுவனம் நம் பக்கத்தார்க்கு அணித்தேயுளது.

என் தமக்கை வீட்டில் கையை நீட்டித் "தா" எனக் காட்டும் சைகையைக் கற்பித்தோம். முதலில் அவன் கையை நாமே பற்றி நீட்டச் செய்து, நீட்டியவுடன் ஒவ்வொரு முறையும் தவறாது இரண்டு கடலை கொடுத்தோம். பிள்ளையினும் மாமியாரை இணங்குவித்தலே அரிதாயிற்று. "பச்சைப் பிள்ளையை அழவிட்டு வேடிக்கை பார்ப்பதா?" என்றார். பாடு முறையை எடுத்துக்காட்டினேன். ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் அவ்வேற்பாடு, ஒருவர் மீறினும் நிலைகுலையுமன்றோ? வலைஞர் மனைவியாய் வாழ்ந்தவர்; அது விளங்கிற்று. கடலை டப்பாவைத் தாமே மேற்பலகையில் ஏற்றிவைத்தார்.

முதல் மூன்று நாட்கள் அயலார் எங்களை வைதனர். அடுத்த விடுமுறையில் யான் திண்ணையிற் படித்திருக்கையில் அவன் என் வேட்டி நுனியை இழுத்தான். அலறவில்லை, கையை மட்டும் நீட்டினான். புத்தகத்தை மூடிவிட்டுக் கடலை எடுக்க எழுந்தேன்.