ஐயமும் இருவினையொப்பும்

புற்றுநோய்க்குரிய சிகிச்சை முடிந்தபின், நோய் ஒழிந்ததோ எஞ்சியதோ என்று அறிதற்கு எடுத்த படத்தின் முடிவு வருமளவும் காத்திருப்பார்க்கு, “நல்லதையே நினையுங்கள்” என்று உலகத்தார் கூறும் அறிவுரை நம் சித்தாந்தத்தோடு இயையுமோ என்பது ஈண்டு ஆராயப்படும். ஏட்டளவில் நின்று இதனை எழுதுகின்றேனல்லேன். உத்தமபாளையத்தில் வாழும் அடியேன், தொண்டையிற் கண்ட புற்றுக்கு 7 வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று, பின்னர் 12 வாரங் கழித்து மதுரையிற் சென்று ‘பெட் ஸ்கேன்’ எடுத்துக்கொண்டு, முடிவு நோக்கி இன்றோடு 5 நாளாகக் காத்திருக்கின்றேன்.

அப்படத்தின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். கதிரியக்கமுடைய புளோரின் சேர்த்த ஒருவகைச் சருக்கரையை நரம்பின் வழியே செலுத்துகின்றனர். அப்புளோரின் ஏறக்குறைய 110 நிமிடத்திற்கு ஒருமுறை பாதியாய்க் குறைந்து ஒழியும். புற்றணுக்கள் பெரும்பாலும் சருக்கரையை மிகுதியாகப் பற்றும் ஆகலின், பற்றிய இடம் படத்தில் ஒளிரும். ஆயின் மூளையும் பற்றும். கதிர்வீச்சினால் வெந்து ஆறிவரும் தசையும் பற்றும். அது பற்றியே 12 வாரம் பொறுக்கச் செய்தனர். பேசினால் தொண்டைத் தசையும் பற்றி ஒளிருமாதலின், மருந்து செலுத்தியபின் ஒரு மணிநேரம் வாய்திறவாது கிடக்குமாறு பணித்தனர். நாற்பதாண்டு பாடஞ் சொல்லிப் பழகிய நாவுக்கு அஃது அரிய தண்டமே. திருவைந்தெழுத்தை மானதமாக எண்ணிக் கிடந்தேன். இடையிடையே எண்ணிக்கை தவறிற்று.

எனவே படம் காட்டுவது சருக்கரை பற்றிய இடத்தையே. அதுகொண்டு நோய் உண்டு, இல்லை என மருத்துவர் துணிவது கருதலளவையாம். அத்துணிவை அவர் நமக்கு உரைக்குமளவும் நம்பால் நிற்பது ஐயம். குற்றியோ மகனோ எனத் தடுமாறுவது ஐயமென்றும், கயிற்றை அரவெனத் துணிவது திரிபென்றும் நூலோர் பகுத்தமை யாவரும் அறிவர். முடிவு நோக்கியிருப்பான் உள்ளத்தே நிகழ்வது, ஐயமாக நிற்கவேண்டியது திரிபாக மாறுதலேயாம். நேற்று நள்ளிரவில் உமிழ்நீர் விழுங்குங்கால் ஒரு குத்தல் எழுந்தது. “மீண்டும் வந்துவிட்டது” என்று மனம் துணிந்தது. விடிந்தபின் வெந்நீர் பருகவே அது தணிந்தது. உடனே “ஒன்றுமில்லை, நிச்சயம்” என்று அதே மனம் துணிந்தது. இரண்டும் அளவையின்றிப் பிறந்தமையின் இரண்டும் திரிபே. ஆகலின் நல்லதையே நினை என்பார், அச்சமாகிய திரிபை நீக்கி மகிழ்ச்சியாகிய திரிபை வைக்கச் சொல்லுகின்றாராவர். ஐயத்தை ஐயமாகவே பொறுத்து நிற்றல் அதனினும் அரிது, அதனினும் உண்மையானது.

இனி, “எல்லாம் முன்வினை” என்று கூறி எழுந்துபோவாரும் உளர். நோய் நுகர்வினையின்பாற்படும் என்பது நம் நூல் முடிபே. ஆயின் இன்ன தீவினையால் இன்னார்க்கு இந்நோய் என்று சுட்டுதற்கு நம்போலியர்க்கு அளவை யாதுளது? அது முதல்வனொருவனே அறிவது. நோயாளன் தலைமாட்டிலிருந்து அதனைக் கூறுதல் கொடுமையுமாம். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைப் பனிநோய் பற்றியபோது, வினையென்று விட்டிருந்தாரல்லர் ஞானசம்பந்தப் பிள்ளையார். அது நீங்கத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பதிகம் பாடினார் என்பது பெரியபுராணம். மருந்துண்டலும் வினைக்கு மாறன்று.

நுகர்ச்சியின்கண் எழும் விருப்பு வெறுப்பே ஏறுவினைக்கு வித்தாதலின், நாம் அஞ்சவேண்டுவது அதனையே. இருவினையொப்பு என்பது புண்ணியமும் பாவமும் நிறையில் ஒத்தலன்று. இரண்டன் பயன்களிலும் ஒருபடித்தாக உவர்ப்புத் தோன்றும் அறிவின் ஒப்புமையாம். அந்நிலை அடியேற்கு வாய்த்ததென்று எழுதினால் அது பொய். படத்தின் முடிவு இருவேறாக எழுதப்பட்ட இரண்டு தாள்களை மனத்தே ஏந்திப் பார்க்கின்றேன். ஒரு தாளையே கை நாடுகின்றது.

அதுபற்றி வெட்குதலும் வேண்டா. கண்ணிழந்த சுந்தரமூர்த்திகள் துயரை மறைத்தாரல்லர். இறைவனை நேர்நின்று கடிந்தும் பாடினார். காஞ்சியில் ஒரு கண் பெற்றபின், மற்றதை ஆரூரிற் பெறுமளவும் ஒரு கண்ணோடே வழிநடந்தார். பெற்றதும் பெறாததுமாகிய அவ்விடைவழியை நினைந்தே இவ்வைந்து நாளும் கழித்தேன். அழுகையும் வழிபாடும் அவரிடத்து மாறுபட்டு நின்றில.

எம் பள்ளத்தாக்கில், முல்லையாற்றில் தண்ணீர் எத்துணை வருமென்று அறியாமலே உழவர் நாற்றங்காலைச் சேறாக்குகின்றனர். மழை பொய்க்காதென்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதை யான் கேட்டதில்லை. வானத்தைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுப்பர்.

முடிவு நாளை மறுநாள் வருமென்று மைந்தன் கூறுகின்றான். வைகறையில் தென்காளத்தி எனப்படும் எம்மூர்க் காளாத்தீசுவரர் சந்நிதிக்குச் சென்று மீண்டேன். மாலையில் மாணாக்கர் இருவர் சிவஞானபோதம் பாடங்கேட்க வருவர். எட்டாஞ் சூத்திரத்தில் நிற்கின்றோம். குரல் இன்னும் எழாமையின் அவர் படிக்க, பிழை நேருமிடத்து யான் விரலாற் பலகையைத் தட்டுவேன்.