சி மொழி பயில்வோர்க்கு உதவி செய்யும் முறை

இராமநதி அணையின் முழு நீர்மட்டம் 84 அடி என்பதும், கடனாநதி அணையின் முழு நீர்மட்டம் 85 அடி என்பதும் கடையம் வட்டாரத்து உழவர் அனைவரும் அறிந்தவையே. மேற்கு மலையில் சாரல் இறங்கிவிட்டால், "இன்று எத்தனை அடி?" என்பதே ஊரில் முதற்பேச்சாக இருக்கும்.

அவ்வூர் மாணவன் ஒருவன் இராமநதி அணையின் ஏழு நாள் நீர்மட்டத்தைக் கணிப்பொறியில் கொடுத்து, அதன் சராசரியைக் கண்டுபிடிக்க முயல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதற்காகச் சி மொழியில் இருபது வரிகள் எழுதுகிறான். விடை வரவில்லை, அவனுக்கு விளங்காத செய்தி ஒன்று திரையில் தோன்றுகிறது. கல்லூரியில் பயிலும் பக்கத்து வீட்டு அக்காளிடம் ஓடி வருகிறான். அப்போது அந்த அக்காள் என்ன செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இது அற்பமான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் முதன்முதலாகக் கிடைக்கும் உதவி எத்தகையதோ, அதைப் பொறுத்தே அம்மாணவன் இக்கல்வியில் நிலைத்து நிற்பதும், "இது நமக்கு வராது" என்று விலகிப் போவதும் அமைகின்றன. நகரத்து மாணவன் ஓர் ஆசிரியரிடம் விளங்காததை மற்றோர் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வான். கிராமத்து மாணவனுக்குப் பெரும்பாலும் கேட்பதற்கு ஒருவரே உண்டு.

சி மொழி என்பது யாது?

கணிப்பொறி செய்ய வேண்டிய வேலையை வரிசைப்படி எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பிற்கு நிரல் என்று பெயர். நிரல் எழுதுவதற்கென வகுக்கப்பட்ட மொழிகளுள் ஒன்று சி. அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 1972-ஆம் ஆண்டு வாக்கில் இதனை உருவாக்கினார். அவரும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து எழுதிய பாடநூல் 1978-இல் வெளிவந்தது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இம்மொழி வழக்கொழியவில்லை. கணிப்பொறிகளை இயக்கும் அடிப்படை நிரல்களில் பெரும்பகுதி இதிலேயே எழுதப்பட்டுள்ளது. வீட்டிலிருந்தபடியே கைபேசியால் பம்புசெட்டை ஓட்டி நிறுத்தும் கருவிகளைப் பல உழவர்கள் வைத்திருக்கின்றனர். அத்தகைய கருவிகளின் உள்ளே இருக்கும் சிறு சில்லுகளுக்கும் சி மொழியிலேயே நிரல் எழுதுவது பெருவழக்கு.

மாணவன் எழுதிய நிரலைக் கணிப்பொறிக்கு விளங்கும் வடிவில் மாற்றித் தருவது கம்பைலர் எனப்படும் மொழிமாற்றி ஆகும். 1987 முதல் கிடைத்துவரும் ஜி.சி.சி. என்னும் கம்பைலரை எவரும் விலையின்றிப் பெறலாம். ஆகவே இக்கல்விக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. தேவைப்படுவது வழிகாட்டும் துணையே.

நம் வட்டாரத்தின் அனுபவம்

சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இக்கல்வி எட்டாதது என்னும் எண்ணம் தவறானது. அதற்குச் சான்று அருகிலேயே இருக்கிறது. ஜோஹோ என்று இன்று வழங்கும் நிறுவனம், 2005-ஆம் ஆண்டளவில், கல்லூரிக்குச் செல்லாத மாணவர் சிலரைத் தேர்ந்தெடுத்துச் சென்னையில் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துக் கற்பிப்பது அதன் முறை. 2011-இல் தென்காசியில் அலுவலகம் திறந்த அந்நிறுவனம், பின்னர் மத்தளம்பாறையில் வளாகம் அமைத்தது. அவ்வகைப் பயிற்சிப் பள்ளி இப்பகுதியிலும் நடைபெறுகிறது. பட்டம் இல்லாதவரும் தக்க துணை கிடைத்தால் நிரல் எழுதும் தொழிலில் தேர்ச்சி பெறலாம் என்பதை இம்முயற்சி மெய்ப்பித்திருக்கிறது.

எனினும் எல்லா மாணவருக்கும் அங்கே இடம் கிடைப்பது இயலாது. மற்றவர்களுக்கு ஊரிலேயே உதவி கிடைக்க வேண்டும்.

முதல் விதி

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது, கிராம சேவகர்கள் ஊர்தோறும் சென்றனர். அவர்கள் உழவருக்காகத் தாங்களே நாற்று நட்டுக் கொடுத்துவிட்டு வரவில்லை. உழவரின் வயலிலேயே, அவர் கையாலேயே, புதிய முறையைச் செய்யச் சொல்லி அருகில் நின்றனர். அடுத்த பருவத்தில் சேவகர் இல்லாமலே உழவர் அதைச் செய்யவேண்டும் என்பதே நோக்கம்.

நிரல் கற்பவருக்கு உதவும் முறையும் இதுவே. மாணவனின் நிரலை வாங்கித் திருத்திக் கொடுத்துவிட்டால் அன்றைய வேலை முடியும். மறுநாள் அதே பிழையோடு மீண்டும் வருவான். விடையைக் கொடுப்பது உதவியன்று. விடை காணும் வழியைப் பழக்குவதே உதவி. கேட்ட மாத்திரத்தில் நிரலை முழுவதும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022-ஆம் ஆண்டின் இறுதிமுதல் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றிற்கும் இவ்விதி பொருந்தும். பிறர் எழுதிய விடையை எத்தனை முறை படித்தாலும், பிழை கண்டு திருத்தும் ஆற்றல் தானாக வந்துவிடாது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மாணவன் வந்து, "நிரல் ஓடவில்லை" என்று மட்டும் சொல்வான். "பயிர் சரியில்லை" என்று மட்டும் சொல்பவரிடம் வேளாண் அலுவலர் என்ன மருந்து கூற முடியும்? இலை மஞ்சளாயிற்றா, வேர் அழுகிற்றா, எந்நாள் நீர் பாய்ச்சினீர் என்று அவர் கேட்கிறார் அல்லவா? அதுபோல உதவுவோரும் பின்வரும் நான்கையும் கேட்க வேண்டும்.

1. இந்நிரல் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தாய்?
2. அதற்கு எந்த எண்களைக் கொடுத்தாய்?
3. என்ன விடையை எதிர்பார்த்தாய்?
4. உண்மையில் என்ன வந்தது?

நான்காவதற்கு விடை கூறும்போது, கம்பைலர் தந்த செய்தியை ஓர் எழுத்தும் மாறாமல் காட்டச் சொல்ல வேண்டும். "ஏதோ பிழை என்று வந்தது" என்பது போதாது. இந்நான்கையும் தாளில் எழுதிவரப் பழக்கினால், எழுதிக்கொண்டிருக்கும்போதே மாணவன் தன் பிழையைத் தானே கண்டுகொள்வதும் உண்டு.

ஒரு நிரலும் நான்கு பிழைகளும்

இனி நாம் தொடங்கிய நிரலையே ஆராய்வோம். ஏழு நாள் நீர்மட்டம் 60, 61, 61, 63, 64, 66, 68 அடி என்று கொள்வோம். கூட்டுத்தொகை 443. அதை 7-ஆல் வகுத்தால் சராசரி ஏறத்தாழ 63.29 அடி. கணிப்பொறியைத் தொடுமுன் இவ்விடையைக் கையால் கண்டு வைத்துக்கொள்வது இன்றியமையாதது. அளவுகோல் இல்லாமல் நிலத்தை அளக்க இயலாது.

முதற்பிழை: ஒரு வரியின் முடிவில் ; என்னும் அரைப்புள்ளி விடுபட்டிருக்கிறது. கம்பைலரோ பல சமயங்களில் அதற்கு அடுத்த வரியையே சுட்டிக்காட்டும். மாணவன் அவ்வரியையே திரும்பத் திரும்பப் பார்த்துத் திகைப்பான். கம்பைலர் குறை கூறும் வரிக்கு முந்திய வரியையும் பார்க்க வேண்டும் என்று பழக்குக. செய்திகள் இருபது வந்தாலும் முதலாவதை மட்டும் சரிசெய்து, மீண்டும் ஓட்டிப் பார்க்கச் சொல்க. தலைமடையிலுள்ள அடைப்பு நீங்கினால் கடைமடைக்கு நீர் தானே வந்து சேரும்.

இரண்டாம் பிழை: கூட்டுத்தொகையை வைக்கும் மாறிக்குத் தொடக்கத்தில் 0 என்னும் மதிப்பு தரப்படவில்லை. மாறி என்பது எண்ணை இட்டுவைக்கும் பாத்திரம் போன்றது. கழுவாத பாத்திரத்தில் பாலைக் கறந்தால் என்னவாகும்? உள்ளே முன்பு கிடந்த ஏதோ ஓர் எண்ணோடு நீர்மட்டங்கள் கூடிவிடும். இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. சில கணிப்பொறிகளில் அந்த எண் தற்செயலாக 0-ஆக இருந்து சரியான விடையே வரலாம். "என் வீட்டில் சரியாக வந்தது" என்று மாணவன் சொன்னால், அவன் பொய் கூறுவதாக எண்ணலாகாது.

மூன்றாம் பிழை: ஏழு எண்களை வைக்க ஏழு அறைகள் கொண்ட அணி ஒன்றை அமைத்திருக்கிறான். சி மொழியில் அறைகளின் எண் 0-இல் தொடங்கி 6-இல் முடியும். அவனோ 1 முதல் 7 வரை நிரப்பியிருக்கிறான். ஏழாம் எண்ணுள்ள அறை அவனுடையதன்று. வரப்பைக் கடந்து அடுத்தவர் வயலில் நீர் பாய்ச்சிய கதை இது. வரப்பு கடந்ததைச் சி மொழி தடுப்பதும் இல்லை, எச்சரிப்பது உறுதியும் இல்லை. சில நேரங்களில் ஒன்றும் நேராது; சில நேரங்களில் வேறெங்கோ ஓர் எண் மாறிவிடும்; சில நேரங்களில் நிரலே நின்றுவிடும்.

நான்காம் பிழை: மேற்கூறியவை யாவும் திருத்தப்பட்ட பின்னும் விடை 63 என்றே வருகிறது. 443, 7 ஆகிய இரண்டும் முழு எண்கள். சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஈவு மட்டுமே கிடைக்கும், பின்னம் விழுந்துபோகும். விடையைப் பின்னம் தாங்கும் மாறியில் வைத்தாலும் 63.000000 என்றே வரும். வகுத்தல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 7 என்பதற்கு மாறாக 7.0 என்று எழுதி, விடையைப் பின்னம் தாங்கும் மாறியில் வைத்தால் சரியாகும்.

இப்பிழையை உதவுவோர் உடனே சொல்லிவிட வேண்டியதில்லை. "ஏழு நாள் வேண்டாம், இரண்டு நாள் மட்டும் எடுத்துக்கொள். 60, 61 என்று கொடுத்து, இரண்டால் வகுத்துப் பார்" என்று சொன்னால் போதும். 60.5 வர வேண்டிய இடத்தில் 60 வருவதைக் காண்பான். அரை அடி எங்கே போயிற்று என்று அவனே தேடத் தொடங்குவான். சிக்கலைச் சிறிதாக்கிப் பார்க்கும் இப்பழக்கம், எல்லாப் பிழைகளுக்கும் உரிய பொது மருந்தாகும்.

உதவுவோர் தவிர்க்க வேண்டியவை

முதலாவது, ஏளனம். "இதுகூடத் தெரியாதா?" என்னும் ஒரு சொல், அடுத்த கேள்வியை வாயிலேயே அடக்கிவிடும். நம் கல்லூரிகள் பலவற்றில், 1987-இல் வெளிவந்த டர்போ சி என்னும் பழைய கம்பைலரைக் கொண்டே நெடுங்காலம் கற்பித்து வந்தனர். அக்கால வழக்குகள் பல இன்றைய கம்பைலரில் செல்லா. எடுத்துக்காட்டாக, ஒரு வரியை வாங்கித் தரும் கெட்ஸ் என்னும் கட்டளை ஆபத்தானது என்று 2011-ஆம் ஆண்டின் தரநிலையிலிருந்தே நீக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தும் மாணவன் தான் கற்றதையே செய்கிறான். குற்றம் அவனுடையதன்று என்று கூறிப் புதிய வழக்கைக் காட்ட வேண்டும்.

இரண்டாவது, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருத்த முற்படுதல். ஓர் அமர்வில் ஒரு பிழை போதும். எழுத்தின் அழகும் சுருக்கமும் பின்னர் வரட்டும்.

மூன்றாவது, தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுதல். "எனக்கும் விளங்கவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று மூத்தவர் சொல்லக் கேட்பதே இளையவருக்குப் பெரும் பாடம். அறிந்தவரும் இடறுவர் என்று அன்றே அவன் தெரிந்துகொள்வான்.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளில் நூலகக் கட்டிடங்கள் எழுந்தன. அவற்றுள் மாலையில் பூட்டிக் கிடப்பது ஒன்று உங்கள் ஊரில் இருக்குமாயின், வாரம் ஒரு மாலை அதைத் திறந்து வையுங்கள். பயன்படுத்தப்பட்ட கணிப்பொறி இரண்டு போதும். விடுமுறைக்கு ஊர் வரும் கல்லூரி மாணவரையும், வேலையிலிருக்கும் இளைஞரையும் முறைவைத்து அழையுங்கள். பெண் பிள்ளைகளும் வந்து போகத்தக்க நேரமாக அது இருக்கட்டும்.

அங்கே ஒரு குறிப்பேடு வைக்கப்பட வேண்டும். வந்த கேள்வி, கம்பைலர் சொன்ன செய்தி, கண்ட காரணம், செய்த திருத்தம் ஆகிய நான்கும் தமிழில் எழுதப்படட்டும். ஓராண்டில் அது ஊரின் சொந்தப் பாடநூலாகிவிடும். உதவியவர் வெளியூர் சென்றாலும் உதவி ஊரிலேயே தங்கும்.

நிரல் கற்றவர் யாவரும் வேலைக்குச் சென்றுவிடுவர் என்று கூறுவதற்கில்லை. ஆனால் பிழை கண்டபோது அஞ்சாமல், சிக்கலைச் சிறிதாக்கி, கையால் சரிபார்த்து, காரணம் தேடும் பழக்கம் எத்தொழிலுக்கும் உதவும். உழவுக்கும் உதவும், ஊராட்சிக் கணக்கிற்கும் உதவும். இன்று உதவி பெற்ற மாணவன் நாளை மற்றொருவனுக்கு அருகிலமர்ந்து அந்நான்கு கேள்விகளையும் கேட்பானாயின், பஞ்சாயத்தின் முயற்சி பலித்தது என்று கொள்ளலாம்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கண்ட நிரலில் ஒரு நாள் நீர்மட்டத்தை மட்டும் கொடுத்துச் சோதித்தால், நான்கு பிழைகளுள் எது வெளிப்படாமல் போகும்? ஏன்?
2. ஒப்பிட்டுப் பார்க்க == என்று எழுத வேண்டிய இடத்தில் = என்று மாணவன் எழுதிவிட்டான். விடையைச் சொல்லாமல், அவனே கண்டுகொள்ளும்படி என்ன கேட்பீர்?
3. உங்கள் ஊராட்சியில் வாரம் ஒரு மாலை உதவி செய்யத்தக்கவர் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்திற்குள் பட்டியல் எழுதுக.