நாட்டுப்பணி நாட்டை ஒன்றாக்குமா?

நம் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் ஆண்டில் இரண்டு படிவங்கள் வீட்டுக்கு வருகின்றன. ஒன்று தேசிய மாணவர் படை. மற்றொன்று நாட்டு நலப்பணித் திட்டம். பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, "இதற்கு மதிப்பெண் உண்டா?" என்பது. இரண்டாவது, "படிப்பு கெடாதா?" என்பது. கேட்கவேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. பல மொழிகளும் பல சாதிகளும் பல சமயங்களும் கொண்ட ஒரு நாட்டை இத்தகைய பணித் திட்டங்கள் ஒன்றாக்குமா? ஒன்றாக்கும் என்றால், எல்லா இளைஞர்க்கும் அதைக் கட்டாயமாக்கலாமா?

கர்நாடகத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்களாகிய நமக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்நகரில் நடந்ததை நாம் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்ததையும் கண்டோம். அதே வேளையில் தமிழ்நாட்டிலும் கன்னடர்களின் உடைமைகள் தாக்கப்பட்டன என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். ஒற்றுமை குலைந்தால் முதலில் அடிபடுகிறவர்கள் அயல் மாநிலத்தில் வாழ்கிறவர்களே. ஆகவே இக்கேள்வியைப் பொறுமையாக ஆராய்வோம்.

நம் நாட்டில் நடந்தது

சுதந்திரம் வந்த மறு ஆண்டே, 1948-இல், தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேறியது. ஒற்றுமையும் ஒழுக்கமுமே அப்படையின் குறிக்கோள். 1962-இல் சீனாவுடன் போர் மூண்டதன் விளைவாக, 1963-இல் கல்லூரி மாணவர்க்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் கட்டாயம் ஐந்தாண்டுகளே நீடித்தது. 1968-இல் மீண்டும் விருப்பமுள்ளோர் சேரும் அமைப்பாக அது மாறியது.

அதே 1968-இல் தமிழ்நாட்டில் நடந்ததை நம் இளைஞர்கள் அறிந்திருக்கவேண்டும். அவ்வாண்டு ஜனவரி 23-ஆம் நாள், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தேசிய மாணவர் படையின் இந்திக் கட்டளைச் சொற்களுக்கும் அத்தீர்மானத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டது. ஒற்றுமையைக் குறிக்கோளாகக் கொண்ட ஒரு படை, அணிவகுப்பில் எந்த மொழியில் ஆணையிடுவது என்பதிலேயே பிணக்குக்கு உள்ளாயிற்று. மாணவர்கள் நாட்டை வெறுத்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. "ஒன்றாகுங்கள்" என்ற அழைப்பு "எங்களைப் போல் ஆகுங்கள்" என்று காதில் விழுந்தால், கேட்பவர் விலகி நிற்பார் என்பதே பொருள்.

அடுத்த ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. தொடங்கிவைத்தவர் மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ். அவர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர்; கர்நாடகத்தின் பெல்லாரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர்; 1972-இல் நம் பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தை நிறுவியவர். அவர் தொடங்கிய திட்டத்தில் துப்பாக்கி இல்லை, மண்வெட்டி உண்டு. மாணவர் இரண்டாண்டுகளில் 240 மணிநேரம் பணி செய்யவேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றில் கலந்துகொள்ளவேண்டும். "நான் அல்ல, நீ" என்பது அதன் முழக்கம்.

இந்நகரம் தந்த இன்னொருவரையும் குறிப்பிடவேண்டும். 1929-இல் பெங்களூரில் பிறந்த எஸ்.என். சுப்பாராவ், 1970-இல் தேசிய இளைஞர் திட்டம் என்ற அமைப்பைத் தொடங்கி, 2021-இல் மறையும்வரை நாடெங்கும் இளைஞர் முகாம்களை நடத்தினார். 1972-இல் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்கள் ஜெயப்பிரகாஷ் நாராயணன் முன்னிலையில் சரணடைந்தது, அவர் நடத்திய ஜௌரா ஆசிரமத்தில்தான். அவருடைய முகாம்களில் பிள்ளைகள் இந்திய மொழிகள் பலவற்றிலும் பாடுவார்கள். எந்த மொழியையும் விட்டுவிட்டு வரும்படி அவர் யாரையும் கேட்கவில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

சிங்கப்பூர் 1967-இல் இளைஞர்க்குக் கட்டாய நாட்டுச் சேவையைக் கொண்டுவந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் ஒரே முகாமில் உண்டு உறங்கிப் பழகியது அந்நாட்டை உருவாக்கியது என்று பலரும் கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆயினும் தொடக்க ஆண்டுகளில் மலாய் இளைஞர்கள் பெரும்பாலும் அழைக்கப்படாமலே விடப்பட்டார்கள். ஒன்றாக்கும் திட்டமே ஒரு சாராரை நம்பாமல் ஒதுக்கினால், அந்தக் காயம் ஆற நெடுங்காலம் பிடிக்கும்.

மலேசியா 2004-இல், இன ஒற்றுமையை நோக்கமாகக் கொண்டு, பதினெட்டு வயதினரில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தவர்களை மூன்று மாத முகாம்களுக்கு அனுப்பியது. 2018-இல் அரசு மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் வேறு வடிவில் திரும்பியது.

நமக்கு மிகவும் நெருக்கமான பாடம் நைஜீரியாவிலிருந்து வருகிறது. 1970-இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1973-இல் அந்நாடு பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பணியைக் கட்டாயமாக்கியது. சொந்த மாநிலத்தில் அன்றி வேறு மாநிலத்தில் பணியாற்றச் செய்வதே வழக்கம். இதில் நன்மையும் விளைந்தது, துயரமும் விளைந்தது. 2011 தேர்தலுக்குப்பின் பௌச்சி மாநிலத்தில் மூண்ட கலவரத்தில் இவ்வாறு சென்ற இளைஞர் பத்துப் பேர் கொல்லப்பட்டனர். மற்றொரு புறம், உலக வங்கியின் ஆய்வாளர் ஒருவர் இப்பணியாளர்களைச் சில ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தார். வேற்று இனத்தார் வாழும் பகுதியில் பணியாற்றியவர்களிடம் நாட்டைப் பற்றிய பெருமிதமும், அப்பகுதியைப் பற்றிய அறிவும் கூடியிருந்தன. அதோடு அவர்களுக்குத் தம் சொந்த இனத்தின் மீதிருந்த பற்றும் கூடியிருந்தது! நாட்டுப்பற்று வளரவேண்டுமானால் தாய்மொழிப் பற்று தேயவேண்டும் என்போர்க்கு இது நல்ல விடை.

பழகினால் மட்டும் போதுமா?

அமெரிக்க உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் இதை ஆராய்ந்து எழுதினார். வெவ்வேறு பிரிவினர் அருகருகே இருப்பதால் மட்டும் வெறுப்புக் குறைவதில்லை. சில சமயம் கூடவும் செய்யும். குறைவதற்கு நான்கு நிபந்தனைகள் தேவை என்றார்.

1. இருவரும் சம நிலையில் இருக்கவேண்டும்.
2. இருவர்க்கும் பொதுவான நோக்கம் ஒன்று இருக்கவேண்டும்.
3. போட்டியின்றி ஒத்துழைத்தே அதை அடையவேண்டும்.
4. அதிகாரத்தில் உள்ளோர் அதை மனமார ஆதரிக்கவேண்டும்.

நான்காவது நிபந்தனைக்கு நம் கண்முன் நிற்கும் எடுத்துக்காட்டு அல்சூர் ஏரிக்கரையில் உள்ளது. 1991-இல் திறக்கப்படவேண்டிய திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. இரு மாநில முதலமைச்சர்களும் மனம் ஒன்றியபோது 2009 ஆகஸ்டு 9 அன்று அது திறக்கப்பட்டது. நான்கு நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது.

நான் கண்ட ஒரு முகாம்

1992-இன் தொடக்கத்தில் நான் இந்நகரக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளனாகவும், நலப்பணித் திட்ட அலுவலனாகவும் இருந்தேன். கலவரம் ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மாகடி வட்டத்துக் கிராமம் ஒன்றில் ஏழு நாள் முகாம். தமிழ்ப் பெற்றோர் சிலர் பிள்ளைகளை அனுப்ப அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதே. இறுதியில் ஐம்பது மாணவர்களில் ஒன்பது தமிழர்கள் வந்தார்கள்.

மொழி பார்த்துக் குழு பிரிக்காமல், அகர வரிசையில் பிரித்தோம். ஏரிக்கு நீர் வரும் கால்வாயைத் தூர் வாருவது வேலை. ஒருவன் வெட்ட, ஒருவன் கூடையில் அள்ள, மற்றவர்கள் வரிசையில் நின்று கைமாற்ற வேண்டும். வரிசையில் ஒருவன் நின்றால் எல்லோரும் நிற்கவேண்டியதுதான். இரவில் ராகி முத்தையும் கொள்ளுச் சாறும். முதல் நாள் முத்தையை மென்று பார்த்த நம் பையன்களுக்கு, அதை மெல்லாமல் விழுங்கவேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர்கள் கன்னட மாணவர்கள்.

ஒரு குழுவில் மண்டியா விவசாயி ஒருவரின் மகனும், ஸ்ரீராமபுரத்துத் தமிழ்ப் பையன் ஒருவனும் இருந்தார்கள். பின்னவனுடைய மாமாவின் கடை டிசம்பரில் எரிந்திருந்தது. ஐந்தாம் நாள் இரவு காவிரிப் பேச்சு வந்தே விட்டது. மண்டியாப் பையன் தன் ஊர் வாய்க்கால் வறண்டு கிடந்ததைச் சொன்னான். இவன் தஞ்சையில் தன் தாத்தா குறுவை போட முடியாமல் இருந்ததைச் சொன்னான். குரல் உயர்ந்தது. நான் தடுக்கவில்லை, அருகில் மட்டும் அமர்ந்திருந்தேன். இருவரும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆனால் இரண்டு வீட்டிலும் பயிர் காய்ந்திருக்கிறது என்பது இருவர்க்கும் தெரிந்தது. மறுநாள் காலை அதே வரிசையில் கூடை கைமாறியது.

2016 செப்டம்பரில் நகரம் பற்றி எரிந்த அன்று, அந்த மண்டியாக்காரர் தமிழ் நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, "வெளியே வராதே, வேண்டுமானால் குடும்பத்தோடு நம் வீட்டுக்கு வந்துவிடு" என்றாராம். நண்பரே என்னிடம் சொன்னது இது.

இதைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு ஒரு பேருந்தைக்கூடக் காப்பாற்றவில்லை. கல்லெறிகிறவர்களில் பலர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். அவர்களுக்கு நலப்பணி முகாமும் இல்லை, நிலையான வேலையும் இல்லை. ஆற்று நீரைப் பங்கிடுவது நடுவர் மன்றமும் அரசுகளும் செய்யவேண்டிய வேலை. ஏழு நாள் முகாம் அநீதியைத் தீர்க்காது. அநீதியைப் பற்றிப் பேசும்போது எதிரில் இருப்பவனை மனிதனாகப் பார்க்கும் பழக்கத்தைத்தான் அது தரும். அந்தப் பழக்கம் சிறிது என்று யாரும் எண்ணவேண்டாம்.

கட்டாயமாக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. நம் நாட்டில் 1963-இல் வந்த கட்டாயம் ஐந்தாண்டுகளில் முடிந்தது. கட்டாயம் வந்தால் கணக்கெடுப்பு வரும். கணக்கெடுப்பு வந்தால் வருகைப் பதிவே பணியாகிவிடும். மேலும், ஆணையிடுவோர் யார், எந்த மொழியில் ஆணையிடுவார்கள் என்ற கேள்வியும் உடனே எழும்.

எதிர்த் தரப்பின் வாதத்திலும் வலு உண்டு. விருப்பத்திற்கு விட்டால் ஏற்கெனவே நல்லெண்ணம் உள்ளவர்களே வருவார்கள், வரவேண்டியவர்கள் வரமாட்டார்கள். இதற்குக் கட்டாயத்தைவிட நல்ல மருந்து உண்டு. கல்லூரிக்கு வெளியே இருக்கும் இளைஞர்க்கும் முகாம்களைத் திறந்துவிடவேண்டும். பணிக்காலத்தில் உதவித்தொகையும், முடிவில் ஒரு தொழிற்பயிற்சியும் தரவேண்டும். அப்போது தேவையுள்ளவர்கள் தாமே வருவார்கள்.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

பிள்ளைகளை இத்திட்டங்களில் சேருங்கள்; மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று. கன்னடம் பேசவும் எழுதவும் கற்கச் செய்யுங்கள். மண்வெட்டி பிடித்த இடத்தில் மொழி விரைவில் வரும். வீட்டில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதையும் நிறுத்தாதீர்கள். நம் சங்கங்கள் நடத்தும் இரத்ததானம், ஏரி துப்புரவு போன்ற பணிகளுக்குத் தெருவில் உள்ள கன்னட இளைஞர்களையும் அழையுங்கள். விருந்தினராக மேடையில் அமர்த்துவதோடு நிற்காமல், திட்டமிடும்போதே கூட உட்காரவைத்துக் கொள்ளுங்கள். சமநிலை என்பது அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டில் கலந்து பேச

1. உங்கள் பிள்ளையின் நெருங்கிய நண்பர்களில் வேறு மொழி பேசுவோர் எத்தனை பேர்? அவர்கள் சேர்ந்து செய்யும் வேலை ஏதேனும் உண்டா?
2. மேலே கூறிய நான்கு நிபந்தனைகளில், நம் பள்ளிகளில் எது குறைவாக உள்ளது?
3. நம் பிள்ளைகளை ஓராண்டுப் பணிக்கு மொழி தெரியாத ஒரு மாநிலத்திற்கு அனுப்ப நாம் ஒப்புவோமா? மாட்டோம் என்றால், நம்மைத் தடுப்பது எது?